கத்தி படாத மாதங்கள்

சென்னை
18-5-1981

அன்புள்ள அண்ணனுக்கு,

வேம்பு எழுதுவது. நான் சுகம். நீங்களும் அம்சம் அண்ணியும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் நம்பினேன்.

கோயில் நிலம், தாசில்தார் ஆபீஸ், தியாகராசன் போட்ட மனு, பஞ்சநதம் ஐயாவின் டிராக்டருக்கு வாங்கிய புது டயர் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே ஒரு வரியில் "பின்பக்கக் கட்டி மறுபடி உடைந்துவிட்டது, உட்கார முடியவில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதினால் என்ன? தங்கச்சிக்கு எழுத வெட்கம் என்றால், நர்ஸுக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷமாக ஆபரேஷன் வார்டில் நான் பார்க்காத இடம் எது?

அது வெறும் கட்டி இல்லை. பிட்டம் இரண்டும் சேருகிற பிளவில் முடி தோலைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகிறது. முள் தைத்த இடம் போல உடம்பு அதைச் சுற்றிச் சீழ் வைக்கிறது. வெளியே ஊசித் துளை மாதிரிதான் தெரியும், உள்ளே எலி வளை மாதிரி நீளமாகப் போகும். பைலோனிடல் சைனஸ் என்று பெயர். யுத்தத்தில் ஜீப் ஓட்டிய சிப்பாய்களுக்கு நிறைய வந்ததால் ஜீப் நோய் என்றும் சொல்வார்களாம். டிராக்டர் சீட்டும் வியர்வையும் உங்களுக்கு அந்த வேலையைச் செய்திருக்கின்றன.

தஞ்சாவூர் டாக்டர் சொன்னது வழக்கமான பெரிய ஆபரேஷன். வளையோடு சுற்றியுள்ள சதையையும் எலும்பு வரை வெட்டி எடுத்துவிட்டு, தைக்காமல் திறந்தே விடுவார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து மூட வேண்டும். தினமும் கட்டு மாற்றிக்கொண்டு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் குப்புறப் படுக்க வேண்டும்.

எங்கள் வார்டில் டாக்டர் குஞ்சிதபாதம் என்று ஒருவர் இருக்கிறார். அவர் வேறு மாதிரி செய்கிறார். அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, துளைகளை மட்டும் அரிசி அளவுக்கு வெட்டி எடுத்து, சின்ன பிரஷ்ஷை உள்ளே விட்டு முடியையெல்லாம் வழித்துவிடுகிறார். நாலைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதற்கு வேறு நிபந்தனைகள் உண்டு. பெரிய டாக்டருக்கு இந்த முறையில் நம்பிக்கை இல்லை, சிரிக்கிறார்.

எது வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள். நில வழக்கைப் பற்றி அரைப் பக்கம் போதும்.

தங்கை,
வேம்பு


நத்தமங்கலம்
நீடாமங்கலம் வழி
25-5-1981

அன்புத் தங்கை வேம்புக்கு,

அண்ணன் ரெத்தினம் எழுதுவது. உன் கடிதத்தை அம்சம் படிப்பதற்குள் ஒளித்துவைத்தேன். அப்படியா எல்லாவற்றையும் பச்சையாக எழுதுவது? தபால்காரர் வைரக்கண்ணு உறையை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிற ஆள் என்பது உனக்குத் தெரியாதா?

அரைப் பக்கம் போதும் என்கிறாய். வழக்கைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. கோயில் நிலம் ஆறு மா, இரண்டு ஏக்கர்தான், அப்பா பேரில் இருந்த குத்தகை. அப்பா போனபிறகு என் பேருக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். அதே நிலத்தைத் தியாகராசனும் கேட்கிறான், அவன் மாமா கோயில் அறங்காவலர். ஆட்சி மாறினால் வேட்டிக் கரையையும் மாற்றிக்கொள்கிற குடும்பம். அவன் மனுவில் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? "ரெத்தினம் கூலிக்கு டிராக்டர் ஓட்டுகிறவர், நிலத்தில் உடல் உழைப்பு செய்யும் சாகுபடியாளர் இல்லை." உடம்பால் உழைக்கிறவனுக்குத்தான் குத்தகைப் பாதுகாப்பு என்று சட்டமே இருக்கிறதாம். சம்பா நடவு முடிந்து ஐப்பசியில் விசாரணைக்கு வருவார்கள். அப்போது நான் சேற்றில் நிற்க வேண்டும். நடுவில் இரண்டு மாதம் குப்புறப் படுத்தேன் என்றால், நான் உழைக்காதவன் என்பதற்கு என் முதுகே சாட்சி ஆகிவிடும்.

எலி வளைக்காக வரப்பையே வெட்டிப் போடுகிறவன் உண்டா? வளையை மட்டும் தோண்டுகிறவரிடமே வருகிறேன். உன் டாக்டரிடம் சொல். ஆனி பிறப்பதற்குள் ஆகட்டும்.

அன்பு அண்ணன்,
ரெத்தினம்


சென்னை
22-6-1981

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆபரேஷன் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்தவர் ஒரு கார்டு போடக்கூடாதா? ரயிலில் நின்றுகொண்டே போனீர்களா, உட்கார்ந்தீர்களா என்று இங்கே கமருன்னிஸா சிஸ்டர் வரை கேட்கிறார்கள்.

புறப்படும் அவசரத்தில் நான் சொன்னது எதுவும் காதில் ஏறியிருக்காது. அதனால் எழுதுகிறேன். பெரிய ஆபரேஷன் டாக்டரை நம்பிச் செய்வது. சின்ன ஆபரேஷன் நோயாளியை நம்பிச் செய்வது. டாக்டர் செய்யவேண்டியதைச் செய்துவிட்டார். மீதி உங்கள் வீட்டில் நடக்க வேண்டும்.

தினம் இரண்டு வேளை கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள். டிராக்டரில் ஏறினால் அடிக்கடி இறங்கி நில்லுங்கள். இதெல்லாம் மறந்தாலும் மறக்கக்கூடாத ஒன்று: வாரம் ஒரு தடவை அந்தப் பிளவைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு முடியை மழித்துவிட வேண்டும். இடுப்பு வரைக்கும் மழித்தாலும் தப்பில்லை. தலைமுடி உதிர்ந்து முதுகு வழியாக அங்கே இறங்கினாலும் ஆபத்துதான், தலையையும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் இதைச் செய்யாவிட்டால், இந்த ஆபரேஷன் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கை அங்கே எட்டாது. ஊர் நாவிதர் நம் தெருவுக்கு வந்து மழிக்கிற காலம் இன்னும் வரவில்லை. அதனால் அண்ணிதான் செய்ய வேண்டும். பையில் ரேசரும் பிளேடு பாக்கெட்டும் வைத்திருக்கிறேன். கூச்சப்பட்டால் நடக்காது என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

டாக்டர் என்னிடம், "உங்க அண்ணன் ஒழுங்கா செய்வாரா சிஸ்டர்?" என்று கேட்டார். "செய்வார் சார், நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறேன். இந்த வார்டில் நான் யாருக்கும் பொறுப்பு சொன்னதில்லை.

தங்கை,
வேம்பு


நத்தமங்கலம்
16-8-1981

அன்புத் தங்கை வேம்புக்கு,

உன் டாக்டர் நன்றாக இருக்க வேண்டும். புண் மூடிவிட்டது. பஞ்சநதம் ஐயா வயலுக்கு இரண்டு சால் ஓட்டி முடித்துவிட்டு, நம் ஆறு மாவுக்கு நானே மாடு பூட்டி உழுதேன். டிராக்டர் ஓட்டுகிறவன் மாடு பூட்டுகிறானே என்று வாய்க்கால் கரையில் நின்று சிரித்தார்கள். டிராக்டரில் உழுதால் தியாகராசன் அதையும் மனுவில் எழுதுவான் என்பது அவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் தலைமடைக்கு வந்துவிட்டது. நாற்று நன்றாகப் பச்சை பிடித்திருக்கிறது.

பழைய கணக்குப்பிள்ளைகளை எடுத்துவிட்டு அரசாங்கம் புது ஆட்களைப் போட்டிருக்கிறதல்லவா, நம் ஊருக்கு வந்த கிராம அதிகாரி சின்ன வயசு. யார் வயலில் நிற்கிறார்களோ அவர்கள் பெயரைத்தான் அடங்கல் கணக்கில் எழுதுவேன் என்கிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார், எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

அம்சம் சுகம். கொஞ்சம் மந்தமாக இருக்கிறாள், வெயில்தான். வேறு விசேஷம் இல்லை.

அன்பு அண்ணன்,
ரெத்தினம்


சென்னை
20-9-1981

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன், மழிக்கிறீர்களா இல்லையா? வாய்க்காலுக்குப் பதில் வருகிறது, நாற்றுக்குப் பதில் வருகிறது, இதற்கு மட்டும் பதில் இல்லை.

வைரக்கண்ணுவின் மகள் வேலைக்கு நேர்முகம் என்று இங்கே வந்திருந்தாள். அவளிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். "அண்ணன் தாடியும் தலைமுடியுமா சாமியார் கணக்கா இருக்காங்கக்கா" என்றாள். என்ன தாடி இது? தலையை ஒட்ட வெட்டச் சொன்னால் காடாக வளர்த்துக்கொண்டு டிராக்டரில் உட்கார்ந்திருக்கிறீர்களா? உதிர்கிற ஒவ்வொரு முடியும் வியர்வையோடு எங்கே போய்ச் சேரும் என்று படம் போட்டு எழுதட்டுமா?

டாக்டர் வாரம் தவறாமல் கேட்கிறார். இந்த முறையில் அவர் செய்தவர்களில் வயலில் வேலை செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான். குணமானால் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இருக்கிறார். நானும் நன்றாக இருக்கிறார் சார், நன்றாக இருக்கிறார் சார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த தைரியத்தில் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தங்கை,
வேம்பு


நத்தமங்கலம்
2-10-1981

அன்புத் தங்கை வேம்புக்கு,

தாடி ஒரு வேண்டுதல். நிலத்துக்காக. இதற்கெல்லாம் கோபப்படாதே.

நடவு முடிந்தது. நீ சொன்னபடி அடிக்கடி இறங்கி நிற்கிறேன். பஞ்சநதம் ஐயா, "என்னடா, பயணம் போற வண்டி மாதிரி நின்னு நின்னு போறே" என்று கேட்டார். பத்து நாளாக அந்த இடத்தில் லேசாக ஈரம் இருக்கிறது. வியர்வையாகத்தான் இருக்கும்.

அன்பு அண்ணன்,
ரெத்தினம்


சென்னை
19-11-1981

அண்ணனுக்கு,

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வியர்வை என்று எழுதினீர்கள். இப்போது சீழ், வலி, படுத்தால் திரும்ப முடியவில்லை என்று எழுதுகிறீர்கள். அதுவும் விசாரணைக்கு ஆட்கள் வந்தது, நீங்கள் முழங்கால் சேற்றில் நின்றது, தியாகராசன் குடை பிடித்து வரப்பில் நின்றது எல்லாம் எழுதி முடித்தபிறகு.

டாக்டரிடம் சொன்னேன். பெரிய டாக்டர்தான் பேசினார். எல்லோர் முன்னாலும், "இதுக்குத்தான் சொல்றேன், வெட்டி எறிஞ்சிடணும். பிரஷ்ஷெல்லாம் பல்லு விளக்கத்தான்" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். குஞ்சிதபாதம் சார் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் வார்டில் உங்களைப் போலவே ஒரு பஸ் டிரைவருக்கு நாள் குறித்திருக்கிறது. அவருக்கும் சின்ன ஆபரேஷன்தான் என்று முடிவாகியிருந்தது. உங்கள் செய்தி வந்தபிறகு பெரிய ஆபரேஷன் என்று மாற்றிவிட்டார்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள், சம்பளமில்லா லீவு.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். தோற்றது அந்த ஆபரேஷனா, நீங்களா? ரேசரைக் கையில் எடுத்தீர்களா? வேண்டுதல் கதை வேண்டாம். உங்களுக்காகப் பொறுப்பு சொன்னவள் கேட்கிறேன்.

வேம்பு


நத்தமங்கலம்
25-11-1981

வேம்புக்கு,

இந்தக் கடிதத்தை அம்சத்துக்குத் தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதுங்கள் என்று இப்போதுதான் சொன்னாள்.

ஆறு வாரம் மழித்தோம். அம்சம்தான் செய்தாள், ஒரு கீறல் இல்லை. ஆடிக் கடைசியில் அவளுக்கு இரண்டு மாதமாக நாள் தள்ளியிருப்பது உறுதியானது. அன்றோடு நிறுத்திவிட்டோம். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் உடம்பில் கத்தி படக்கூடாது என்பது உனக்குத் தெரியாததா? அப்பா உனக்காகத் தாடி வைத்திருந்ததை அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பிள்ளைகளை இழந்தவளிடம் போய், கழுத்துக்கு மேலேதான் சாஸ்திரம், இடுப்புக்குக் கீழே இல்லை என்று என்னால் வாதாட முடியவில்லை. இப்போது ஆறு மாதம் முடிந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். போன தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நீதான் கூட இருந்தாய். எல்லாம் முடிந்தபிறகு அவள் அழுதுகொண்டிருக்கும்போது, "அழாதீங்க அண்ணி, இது எங்க வார்டுல தினம் பாக்குறதுதான்" என்று சொன்னாயாம். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பாய். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "தினம் பாக்குற கூட்டத்துல எம் புள்ளையும் ஒண்ணு, அதானே" என்று ராத்திரியில் திடீரென்று கேட்பாள். உனக்குத் தெரிந்தால் ஊசி, மாத்திரை, வார்டு என்று வந்துவிடுவாய், அப்புறம் இதுவும் தினம் பார்ப்பதில் ஒன்றாகிவிடும் என்று பயம்.

உன் டாக்டரிடம் சொல். அந்த ஆபரேஷன் தோற்கவில்லை. நான்தான்.

ரெத்தினம்


சென்னை
1-12-1981

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு கோபம் வந்தது. கோபத்தையே முதலில் எழுதுகிறேன், அதுதான் எனக்குச் சரளமாக வருகிறது.

கத்தி படக்கூடாது என்றால் கத்தி இல்லாமல் முடியை எடுக்க வழியே இல்லை என்று யார் சொன்னது? டியூபில் களிம்பு விற்கிறது அண்ணா. பட்டணத்துப் பெண்கள் கைக்குத் தடவுகிறது. தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் துடைத்தால் முடி வந்துவிடும். கத்தி இல்லை, பிளேடு இல்லை, சாஸ்திரமும் கெடாது. எங்கள் விடுதிக்கு எதிர்க்கடையில் கண்ணாடிக்குள் அடுக்கிவைத்திருக்கிறான். தினம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு வார்த்தை. "கத்தி வைக்க முடியாது வேம்பு, வேறு வழி இருக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம்.

என்மேலும் கோபம்தான். தாடி என்று கேட்டவுடனே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நானும் அந்தத் தெருப் பிள்ளைதானே. சாமியாரா என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "முடிதான் காரணம்னு நானும் அடிச்சுச் சொல்ல முடியாது சிஸ்டர். ஆனா இதை என் ஆபரேஷனோட தோல்வின்னும் யாரும் எழுத முடியாது" என்றார். பஸ் டிரைவருக்கு அதற்குள் வெட்டியாகிவிட்டது. குப்புறப் படுத்திருக்கிறார். அவருக்கு நான்தான் கட்டு மாற்றுகிறேன்.

இப்போது உங்களுக்கு: முடிந்தவரை வெந்நீரில் உட்காருங்கள். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் பெருத்தாலோ தாடியோடு தஞ்சாவூர் போய்ப் படுத்துவிடுங்கள், அப்போது கத்தியைப் பற்றிப் பேசக்கூடாது. இல்லையென்றால் பிரசவம் வரை தள்ளலாம். அதற்குப் பிறகு பெரிய ஆபரேஷன்தான். வளை இப்போது பல கிளை விட்டிருக்கும், பிரஷ்ஷுக்கு அடங்காது என்று டாக்டரே சொல்கிறார். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கிற காலமாகப் பாருங்கள்.

அண்ணி சொன்னதைப் பற்றி. நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். வார்டில் தினமும் சொல்கிறேன். அதனால்தான் நினைவில்லை.

நான் வர மாட்டேன் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். ஊசி, மாத்திரை எதையும் எழுதவும் மாட்டேன். கூப்பிட்டால் வருவேன்.

தங்கை,
வேம்பு

களிம்பு தனியாகப் பார்சலில் வருகிறது. புண்மேல் தடவக்கூடாது, சுற்றி மட்டும்.


நத்தமங்கலம்
3-3-1982

அன்புத் தங்கை வேம்புக்கு,

முதல் வரியிலேயே எழுதுகிறேன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நீடாமங்கலம் ஆஸ்பத்திரியில் பிறந்தது. அம்சமே வண்டி பூட்டச் சொன்னாள், நான் வற்புறுத்தவில்லை.

இரண்டாவது: தாசில்தார் உத்தரவு வந்துவிட்டது. குத்தகை என் பெயருக்கு. தியாகராசன் மேலே அப்பீல் போவானாம், போகட்டும். கதிர் அறுத்துக் களத்துக்கு வந்தபோது அவன் மாமாவே வந்து கோயில் பங்கை அளந்து வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாவது: தாடி போய்விட்டது. பஞ்சநதம் ஐயாவுக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டி இரண்டு தடவை தானாக உடைந்து வடிந்தது. சித்திரையில் தஞ்சாவூரில் ஆபரேஷன், பெரியது. களத்தில் நின்றே சாப்பிட்டு நின்றே தூங்கிப் பழகிவிட்டேன், இனிப் படுக்க ஆசையாகத்தான் இருக்கிறது.

கட்டு மாற்ற ஆள் வேண்டும் என்றேன். அம்சம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "ஏன், அவங்களுக்கு லீவு கெடைக்காதா?" என்றாள். இதைக் கூப்பிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ முடிவு செய்.

அன்பு அண்ணன்,
ரெத்தினம்


நத்தமங்கலம்
14-6-1982

நாத்தனார் வேம்புக்கு,

அம்சம் எழுதுவது. நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது, எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து, தப்பு இருக்கும்.

நீங்கள் லீவு முடிந்து போனபிறகு கட்டு நான்தான் மாற்றுகிறேன். ஒரு உள்ளங்கை ஆழத்துக்கு இருந்த பள்ளம் இப்போது கட்டைவிரல் நுழையாத அளவுக்கு வந்துவிட்டது. நீங்கள் காட்டினபடி அடியிலிருந்துதான் மூடுகிறது. சுற்றிலும் வாராவாரம் நானே மழிக்கிறேன், ரேசரில்தான். செவ்வாய் வெள்ளி மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். புதன்கிழமை என்று வைத்திருக்கிறேன், அதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் இருந்த மூன்று வாரமும் பழைய பேச்சை எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதை நான் மறந்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், மறக்கவில்லை. ஆனால் இவருடைய புண்ணை முதல் நாள் திறந்தபோது எனக்கு மயக்கம் வந்தது. நீங்கள் முகம் சுளிக்காமல் கழுவினீர்கள். தினம் பார்க்கிறவர்கள் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

ஒரு விசேஷம். நேற்று இவர் பாயில் குப்புறப் படுத்து, வழக்கம்போல ஆபரேஷனையும் தியாகராசனையும் திட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையை எதிரே மல்லாத்திப் போட்டுவிட்டு அடுப்புக்குப் போனேன். சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், பிள்ளையும் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவர் மூச்சுவிடாமல் கிடந்தார். "வேம்புக்கு எழுது, முதல் வரியிலேயே எழுது" என்றார். நான் கடைசியில்தான் எழுதியிருக்கிறேன்.

குப்புற விழுந்ததற்குக் கொழுக்கட்டை செய்ய வேண்டும். அத்தை இல்லாமல் செய்யக்கூடாது என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். மாவு இடித்தாகிவிட்டது. அதிக நாள் தாங்காது.

இப்படிக்கு,
அம்சம்